கறுப்பு மை, சிவப்பு மை

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனக்கணக்கு எடுப்பார்கள். கச்சேரித் தெலுங்கில் ஜனாபா லெக்கா. சித்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு தடவை அந்தக் கணக்கை எழுதினவன் நான்.

எனக்குப் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சம் இருந்த தமிழையும் தெலுங்கையும் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் படித்துக்கொண்டேன். மிஷன்காரர்கள் அச்சடித்த சின்னச் சின்ன வேதப் புஸ்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு, புத்தலப்பட்டு வரைக்கும் அதற்கு அப்பாலும் நடந்து விற்பது என் பிழைப்பு. விற்றது கொஞ்சம், பேசினது அதிகம். ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டார் சொல்லுகிற ஒரு நல்ல வார்த்தையையாவது மனசில் வாங்கிக்கொண்டுதான் நகருவேன். தாசில்தார் கச்சேரியில் ஆள் தேடினபோது, "அவனுக்குத் தெரியாத வீடு கிடையாது" என்று யாரோ சொல்லி, என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

வேலை இரண்டு நடை. முதல் நடையில் ஒவ்வொரு கதவிலும் தாரால் நம்பர் போட்டு, அந்த வீட்டில் இருக்கிறவர்களைக் கறுப்பு மையில் எழுத வேண்டும். இரண்டாவது நடை ஒரு மாசம் கழித்து, ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்கு அதே புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போக வேண்டும். செத்தவரையும் ஊரில் இல்லாதவரையும் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். பிறந்ததையும் புதிதாக வந்து தங்கினவரையும் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். சித்தூரில் மட்டும் இல்லை. மைசூர்ச் சீமை, நிஜாம் சீமை, கடல் தாண்டி பர்மா, எல்லா இடத்திலும் அதே ராத்திரி. சிவப்பு மை காய்ந்த பிறகு மிஞ்சுகிறதுதான் கணக்கு.

கச்சேரி வளாகத்துப் புளியமரத்தடியில் எங்களை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார் சூப்பர்வைசர். "ஒருத்தன் எந்த ஊர்க்காரன், எங்கே சொத்து இருக்கு, எங்கே பொண்டாட்டி இருக்கா, அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். அன்னிக்கு ராத்திரி எங்கே இருக்கானோ அங்கேதான் அவன். புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் மட்டும், "அப்போ என் பாடு திண்டாட்டம்தான்" என்று மெதுவாகச் சொன்னார். நெற்றி நிறையத் திருமண். திருப்பதி கோயில் கைங்கரியக் குடும்பம். அங்கே ஒரு பெரிய சத்திரத்தின் கணக்கை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

"ஏன் சாமி?" என்றேன்.

"ஓய், உமக்கு வீட்டுல இருக்கறவன் கணக்கு. எனக்கு வீட்டை விட்டு வந்தவன் கணக்கு. உம்ம ஆள் தின்ன சோத்தோட உட்கார்ந்திருப்பான். என் ஆள் மொட்டை போட்டுண்டு மலையேறிண்டிருப்பான்."

அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் அவர் தன் புளியோதரையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே சத்தமாக, "சாப்பாட்டுக்குத்தான் ஆசாரம். பேச்சுக்கு இல்லை. நீர் பேசும்" என்றார். பேசினேன். என் அண்ணனைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

முதல் நடை எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஒரு அடுப்பில் துன்னுகிறவர்கள் ஒரு வீடு என்பது சட்டம். ஒரு வீட்டில் அடுப்பைத் தேடினால் இரண்டு இருந்தது. மாமியாரும் மருமகளும் காலையில்தான் சண்டை போட்டுப் பிரிந்திருந்தார்கள். "சாயங்காலம் வாங்க, எத்தன அடுப்புன்னு சொல்றேன்" என்றார் நடுவில் மாட்டின மகன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் எந்தத் தாயும் வாய் திறக்க மாட்டாள், எண்ணினால் குறைந்துபோகுமாம். நான் முற்றத்தில் காயப்போட்ட சட்டைகளைப் பார்த்துக்கொண்டு, "இந்தச் சட்டைக்காரன் பேரு என்னா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அப்படிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பேச்சு மொழி என்னவென்று கேட்டதற்கு ஒரு வண்டிக்காரர், "வூட்ல தமிழ், சந்தையில தெலுங்கு, மாட்டோட ரெண்டும்" என்றார். அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

பக்கம் நிரம்ப நிரம்ப, தெருவைப் பற்றி எனக்குத் தெரியாதது தெரிய வந்தது. பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆம்பிளைகளுக்கு எல்லாம் இதே ஊர். பொம்பிளைகளில் பாதிப் பேருக்கு மேல் வேறு ஊர். வேலூர்ப் பக்கம், புத்தலப்பட்டு, குப்பத்துக்கு அந்தாண்டை சாந்திபுரம். ஒரு தெரு முழுக்க யாரோ ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். வயசுக் கட்டத்தைப் பார்த்தால் இன்னொன்று. குழந்தைகள் ஏராளம், கிழவர்கள் இருந்தார்கள். முப்பதும் நாற்பதும் ஆன ஆம்பிளைகள்தான் காணோம். தங்கவயல் சுரங்கம், சென்னைப்பட்டணத்து மில், ரங்கூன் துறைமுகம். ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது என் புஸ்தகம்.

சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்து, தலைகளை வீடுகளால் வகுத்து, "உன் தெருவுல வீட்டுக்கு அஞ்சரை பேர்" என்றார்.

"அந்த அரை ஆள் யாருங்க?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த அரை ஆளைத் தெரியும் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

என் தெருவிலேயே கடைசி வீடு எங்கள் அண்ணி வீடு. அண்ணியும் பத்து வயசுப் பெண்ணும். எங்கள் அண்ணன் கிணறு வெட்டுகிறவன். எங்கள் பக்கத்துப் பாறையைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், சம்பளத்துக்குப் பாறை தட்டலாம் என்று தங்கவயலுக்கு ரயிலேறினவன். முதல் வருஷம் மாசம் தவறாமல் கடிதாசு வந்தது. அப்புறம் தூரமாகப் போவதாக ஒரு கடிதாசு. எவ்வளவு தூரம் என்று அதில் இல்லை. அதோடு நின்றது. மூன்று வருஷம். ஆள் இருக்கிறானா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது.

அண்ணி தலைமுடியைத் தட்டி முடிந்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "முதல்ல அவரை எழுதுங்க தம்பி."

"அண்ணி, இங்க ராத்திரி படுக்கறவங்களத்தான்..."

"வந்துக்கினே இருப்பாரு. நம்ம கோயில் புஸ்தகத்துல பேரு இருக்குதே, அத மட்டும் போதகர் அடிச்சாரா?"

அது உண்மை. எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஊரை விட்டுப் போனாலும், அவர் போன ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் கேட்டு வருகிற வரைக்கும் பேரை எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு யாரும் கேட்டு எழுதவில்லை. ஆகவே ஒவ்வொரு பண்டிகையிலும் சபைக் கணக்கில் அவன் இருந்தான். சூப்பர்வைசர் சொன்னது காதில் இருந்தும், என் கை கறுப்பு மையைத் தொட்டுக்கொண்டது.

"வயசு?"

"போறப்ப முப்பத்தொண்ணு. அங்கயும் வயசு ஏறும்ல. முப்பத்தஞ்சு போடுங்க."

"குருடு, செவிடு, ஊமை?"

"காதுதான் கேக்கல போல. எவ்ளோ கூப்பிடறேன்."

பெண் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனேன். "எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் அண்ணி. கொஞ்சம் பொறுத்து, "எழுதறதுதான் இல்ல."

அதற்கப்புறம் அண்ணியின் வரி. மனைவி, முப்பது வயசு. கலியாணம் ஆனவளா, கைம்பெண்ணா என்று ஒரு கட்டம். அதைக் கேட்காமலே "கலியாணம் ஆனவள்" என்று எழுதினேன். நான் எழுதுவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்னா எழுதினீங்க?" என்றார். சொன்னேன். "ம்" என்றார்.

எழுதிவிட்டேனே தவிர, அந்த வரி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. சைக்கிளில் வந்து பக்கம் பக்கமாகத் தணிக்கை பண்ணின சூப்பர்வைசர், கடைசி வீட்டுக்கு வந்ததும் விரலை வைத்தார். "தங்கவயல் சுரங்க வேலைன்னு எழுதியிருக்கே. சித்தூர்ல ஏதுய்யா சுரங்கம்?"

"என் அண்ணங்க. வந்துடுவாருன்னு..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "அந்த ராத்திரி ஆள் வந்தா இருக்கட்டும். வரலேன்னா அடிச்சுடு. உங்க அண்ணன்னு கணக்கு மாறாது" என்று சொல்லிப் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கணக்கு ராத்திரிக்குச் சில நாள் முன்னால் மறுபடி புளியமரத்தடியில் கூட்டினார்கள். திருப்பதி சாமி என்னைப் பார்த்ததும், "என்ன ஓய், முகம் இப்படி இருக்கு? புஸ்தகம் விக்கலையா?" என்றார். சொன்னேன். என் கையால் அண்ணனை அடிக்க வேண்டியிருக்கிறது என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"போன கணக்குலயும் நான்தான் சத்திரத்துல எழுதினேன். ஒரு வடக்கத்திக்காரர், வயசானவர், என் காலைப் பிடிக்காத குறை. 'என்னை எழுதாதீங்கோ, ஊர்ல என் பேரை எழுதியாச்சு, இங்கேயும் எழுதினா நான் ரெண்டாயிடுவேன், வீட்ல இருக்கறவனே இருந்துட்டுப் போகட்டும்'னார். நான் சொன்னேன், 'பெரியவரே, நீர் இங்கே சேவிக்க வந்துட்டீர். இப்போ இந்த நிமிஷம் உம்ம ஊர்ல ஒருத்தன் சிவப்பு மையால உம்மை அடிச்சிண்டிருப்பான். அவன் அடிச்சாத்தான் நான் எழுதறது செல்லும்.' உம்ம அண்ணா கதையும் அதுதான். நீர் அடிக்கலேன்னா, அவரை எழுதறவன் எங்கேயும் இல்லேன்னு நீரே சொல்றாப்பல ஆயிடும்."

சித்தூர்த் தெருவெல்லாம் அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அண்ணி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. "கல்லு ஜாஸ்தி இந்த அரிசியில" என்று மட்டும் சொன்னார்.

கணக்கு ராத்திரி வளர்பிறை. நிலா இருக்கிற நாளாக, கலியாண முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத நாளாகத்தான் பார்த்து வைப்பார்கள், ஜனங்கள் அவரவர் வீட்டில் இருக்கட்டும் என்று. விளக்கு வைத்ததும் கிளம்பினேன். ஒரு கையில் அரிக்கன் விளக்கு, ஒரு கையில் புஸ்தகம், சட்டைப்பையில் சிவப்பு மைக்கூடு. சர்க்காரே சொல்லிவிட்டதால் எல்லாரும் வாசலில் என்னமோ சம்பந்தி வருகிற மாதிரி காத்திருந்தார்கள். இடைப்பட்ட ஒரு மாசத்தில் எங்கள் தெருவில் ஒரு குழந்தை பிறந்திருந்தது, ஒரு கிழவர் போய்ச் சேர்ந்திருந்தார். இரண்டுக்கும் அதே சிவப்பு மை. ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தார். வண்டிக்காரர் வண்டியோடு பாகாலா போயிருந்தார், அவரை அடித்தேன். "ரெண்டு மாட்டையும் அடிச்சுடுங்க" என்றாள் அவர் சம்சாரம்.

கடைசி வீட்டில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அண்ணன் வெளியூரிலிருந்து வந்தால் வாசல் கல்லில் காலை மூன்று தடவை தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்தக் கல்லைக் கழுவி வைத்திருந்தார்கள். நான் அதை மிதிக்காமல் தாண்டிப் போனேன்.

பெண் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நான் அவளுக்குச் சின்ன நைனா. "சின்ன நைனா, என் பேர அடிக்க மாட்டீங்களே?" என்றாள்.

"நீ இங்கதான இருக்க. உன்ன எப்படி அடிப்பேன்?"

அண்ணி அரிக்கனை என் கையிலிருந்து வாங்கிப் புஸ்தகத்தின் மேல் பிடித்தார். "அடிக்காம விட்டா என்னா ஆவும் தம்பி?"

"வேற எடத்துல யாராவது எழுதியிருந்தா, அண்ணன் ரெண்டு ஆளா ஆயிடுவாரு."

"எழுதியிருக்கலன்னா?"

நான் மைக்கூட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

"எத்தினி மணி வரைக்கும் இது?"

"பன்னெண்டு."

"அடிச்சப்புறம் வந்துட்டாரு, அப்போ?"

"எழுப்புங்க. ஓடி வந்து மறுபடி சிவப்புல எழுதறேன்."

"அப்போ ஒரு தடவ படிங்க. அவருத மட்டும்."

படித்தேன். பேர். கிறிஸ்தவர். ஆண். கலியாணம் ஆனவர். முப்பத்தஞ்சு வயசு. தங்கவயல் சுரங்க வேலை. பிறந்தது இந்த ஜில்லா. பேசுவது தமிழ், தெலுங்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியும். ஒரு மனுஷனை இவ்வளவு சீக்கிரம் படித்து முடித்துவிட முடிகிறது. அவன் என் தட்டிலிருந்து மீனை எடுத்துத் துன்னுவதற்குக் கட்டம் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து மேலே இருக்கிற என்னைக் கூப்பிடும்போது அவன் குரல் பெரிசாகக் கேட்பதற்கும் கட்டம் இல்லை.

"அடிங்க," என்றார் அண்ணி.

நான் பேனாவை மைக்கூட்டில் மறுபடி மறுபடி தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிங்க தம்பி. யாரோ ஒருத்தன் அங்க விளக்க வெச்சிக்கினு இவரு பேரக் கேட்டுக்கினு இருப்பான். நீங்க அடிச்சாத்தான அவன் எழுதறது செல்லும்?"

அடித்தேன். ஒரே கோடு. மை நிறையத் தொட்டுவிட்டிருந்தேன் போல, கோட்டின் கடைசியில் ஒரு சொட்டு நின்றது. அண்ணி குனிந்து அதை ஊதினார். குடும்பத் தலைவர் இல்லாத வீட்டில் அடுத்த வரிதான் தலை என்பதால், அண்ணியின் வரியில் திருத்தம் பண்ண பேனாவைக் கொண்டுபோனேன்.

"அதுல என்னாத்த அடிக்கிறீங்க?"

"மனைவின்னு இருக்கறத எடுத்துட்டு, தலைவின்னு எழுதணும் அண்ணி."

"எழுதுங்க. அந்தப் பக்கம், கலியாணம் ஆனவன்னு எழுதினீங்களே, அது அப்படியே இருக்குதா?"

"இருக்குது. கறுப்புலயே இருக்குது."

"அதத் தொடாதீங்க."

வீட்டுக்குப் போனேன், படுக்கவில்லை. பன்னிரண்டு அடிக்கிற வரைக்கும் மைக்கூட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

நாலு நாள் கழித்துத் திருப்பதியிலிருந்து ஒரு கார்டு வந்தது. "க்ஷேமம். அன்று இரவு சத்திரத்தில் படுத்திருந்த ஒவ்வொருவரிடமும், மறுநாள் திருச்சானூர் போய் அங்கே தங்கியிருந்தவர்களிடமும், சித்தூர்க் கிணறு வெட்டுகிறவர் யாராவது உண்டா என்று விசாரித்தேன். இங்கே இல்லை. இங்கே இல்லை என்றுதான் சொல்ல முடியும்." அந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் அவர் தலையாட்டினார்.

பிறகு ஒரு நாள் பத்திரிகையில் மொத்தக் கணக்கு வந்தது. எண் நீளமாக இருந்தது. சொல்லவே எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணி, "அந்த நம்பருக்குள்ள அவரு இருக்காரா?" என்றார். "இருக்காரு" என்றேன். "எந்த எடத்துல?" என்று கேட்கப்போய்ச் சிரித்துவிட்டார். நான் அதற்கப்புறம் புஸ்தகப் பையோடு நடக்கிற வழியெல்லாம், ரயில் நின்றால் இறங்குகிறவர்களை, கூலிக்குப் போகிற கூட்டத்தை, ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவேன். எண்ணுவதற்கு இல்லை.

சபைப் புஸ்தகத்தில் அவன் பேர் அப்படியே இருந்தது. மாற்றுக் கடிதம் கேட்டு யாரும் எழுதவில்லை.

அடுத்த ஜனக்கணக்கு வந்தபோது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஒரே ராத்திரி என்பது போய்விட்டது. ஒருவர் வழக்கமாக எங்கே இருக்கிறாரோ அங்கே எழுதினால் போதும் என்றார்கள். எழுத வந்தவர் ஒரு வாத்தியார், ஊருக்குப் புதிது. நான் அப்போது அண்ணியைப் பார்க்க வந்திருந்தேன். பெண்ணைப் புத்தலப்பட்டில் கட்டிக்கொடுத்து வருஷம் ஆகியிருந்தது. அண்ணிக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"இந்த வீட்ல வழக்கமா இருக்கறவங்க யார் யாரும்மா?" என்றார் வாத்தியார்.

வழக்கம் என்று சொன்னதும் எனக்குத் திக்கென்றது. அண்ணி பழையபடி, முதலில் அவரை எழுதுங்க என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

"நான் ஒருத்திதான்," என்றார்.

"கலியாணம்?"

"ஆனவ."

வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு தட்டு. "வீட்டுக்காரரு?"

அண்ணி வாசல் கல்லைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். பிறகு அந்த வாத்தியாருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார்:

"அவர வேற எடத்துல எழுதியிருக்காங்க."